யாமிசே என்றால் கூந்தல்

எங்களைக் கூப்பிட்டது துப்பறியச் சொல்லி இல்லை, கையெழுத்துப் போடச் சொல்லி.

"விசாரணை ரிப்போர்ட்டை நாங்களே டைப் பண்ணி வச்சுட்டோம், துரைராஜ் சார். ஒரு வெளியாள் கையெழுத்து இருந்தா கிளையன்ட்டுக்கு நம்பிக்கை வரும். அஞ்சு மணிக்கு அந்தப் பொண்ணை வேலையை விட்டு அனுப்பிடறோம்" என்று சீதாராமன் ஒரு காகிதத்தை மேஜை மேல் தள்ளினார். மணி அப்போது இரண்டரை.

துரைராஜ் சார் பேனாவை எடுத்தார், மூடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். "நக்கோ" என்றார்.

இந்த இடத்தில் நான் குறுக்கே வந்தாக வேண்டும். நான் சபீனா. ஊர் மேலப்பாளையம். மூன்று வருஷம் கால் சென்டரில் உட்கார்ந்து கடல் கடந்து வந்த திட்டுகளை எல்லாம் வாங்கிக்கொண்டேன். போதும் என்று தோன்றிய அன்றைக்கு துரைராஜ் சாரிடம் உதவியாளராகச் சேர்ந்தேன். சார் நாலு தலைமுறையாக செகந்திராபாத். தான் பேசுவது தமிழ் என்று அவர் நம்புகிறார். நடுநடுவே அந்த ஊர் உருதுவில் 'ஹவ்' என்பார், ஆமாம் என்று அர்த்தம். 'கைக்கு' என்பார், ஏன் என்று அர்த்தம். 'நக்கோ' என்றால் வேண்டாம், முடியாது, மாட்டேன், எல்லாம் அதுதான். சேர்ந்த புதிதில் பெருநாளுக்கு லீவு கேட்டேன். மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னார். லீவு உண்டா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சீதாராமன், ஃபெர்ன்கேட் கேம்ஸ் என்ற கம்பெனியின் தலைவர். கச்சிபௌலியில் ஏழாவது மாடியில் கம்ப்யூட்டர் விளையாட்டு செய்கிறார்கள். இப்போது செய்யும் விளையாட்டில் எல்ஃப் என்று ஒரு ஜாதி. காது கூராக இருக்கும், முடி இடுப்புவரை இருக்கும், ஆயிரம் வயசானாலும் முழங்கால் வலிக்காது. காட்டிலேயே குடித்தனம். அவர்கள் பேசுவதற்கென்று இல்லாத பாஷை ஒன்றை இந்தக் கம்பெனி செய்திருந்தது. அதன் பெயர் லூமாரி. ஆயிரத்து இருநூறு சொல், இலக்கணம், அகராதி எல்லாம் உண்டு.

அதைச் செய்தவர் சீதாராமனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பெயர் பிரசன்னா, பதவி மொழி வடிவமைப்பாளர். வட்டக் கண்ணாடி. ஜூலை மாசத்தில் கழுத்தில் மஃப்ளர்.

"எல்ஃப் ராணி பாடற பாட்டை ஒரு தடவை சொல்லுங்க பிரசன்னா, இவங்க கேக்கட்டும்" என்றார் சீதாராமன் பெருமையாக.

பிரசன்னா கண்ணை மூடிக்கொண்டார். "சைதோ… ரைகீ… யாமிசே… ரிசகே!"

"நிலவே, காடே, என் கூந்தலே, விடியலே! வீடியோ கான்ஃபரன்ஸ்ல இதைக் கேட்டுட்டு கிளையன்ட் அழுதுட்டாங்க சார். எவ்வளவு பழமையான சத்தம்னு சொன்னாங்க. அப்பேர்ப்பட்ட அகராதியைத்தான் இந்தப் பொண்ணு ஹர்ஷிதா வெளியே விட்டுட்டா."

விஷயம் இதுதான். விளையாட்டு வெளிவர இன்னும் மூன்று மாசம் இருக்கும்போது, போன ஞாயிற்றுக்கிழமை ஏதோ ஒரு ரசிகர்களின் இணையதளத்தில் முந்நூறு லூமாரிச் சொற்கள் வந்துவிட்டன. ஆபீஸில் பென்டிரைவ் போட முடியாது, மெயில் வெளியே போகாது, செல்போனை வாசலிலேயே பிடுங்கிக்கொள்கிறார்கள். அச்சடித்த அகராதி நாலே பேரிடம் இருந்தது. அதுவும் சாயங்காலம் பீரோவுக்குள் போய்விடும்.

"அந்த நாலு பிரதியிலயும் ஆளுக்கு ஒரு பொய்ச் சொல்லை நுழைச்சு வச்சிருந்தேன்" என்றார் பிரசன்னா. "ஒருத்தரோட சொல் இன்னொருத்தருக்குத் தெரியாது. வெளியான லிஸ்ட்ல ஹர்ஷிதாவுக்குக் கொடுத்த சொல் இருக்கு. குளமி. கடுங்கோபம்னு அர்த்தம். அவதான் பாத்து எழுதிக் கொண்டுபோயிருக்கா. வேற என்ன ஆதாரம் வேணும்?"

எனக்கே அது போதும் போலத்தான் இருந்தது. சார் மட்டும் இணையத்தில் வந்த லிஸ்ட்டையும் ஹர்ஷிதாவின் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் தடவிக்கொண்டே போனார். இரண்டும் ஆங்கில எழுத்தில் இருந்தன. பத்து நிமிஷம் ஆயிற்று. ஏசி சத்தத்தில் எனக்குத் தூக்கம் வந்தது.

"கைக்கு இங்கே எழுத்து மாறுது?" என்றார் திடீரென்று.

எட்டிப் பார்த்தேன். காடு என்பதற்குரிய ரைகீ அகராதியில் ஆங்கில 'ஜி' போட்டு இருந்தது. இணையத்தில் 'கே'. கர்வம் என்பதற்குரிய ரிபூ அகராதியில் 'பி ஃபார் பால்'. இணையத்தில் 'பி ஃபார் பேனா'. வாசல் என்பதற்குரிய டைவ அகராதியில் 'டி ஃபார் டாக்'. இணையத்தில் 'டி ஃபார் டேபிள்'. முந்நூறு சொல்லில் அறுபத்தோரு இடத்தில் இந்தக் கூத்து.

"டைப்பிங் மிஸ்டேக்" என்றார் பிரசன்னா.

"மிஸ்டேக்னா பக்கத்துக் கட்டை விழணும். 'கே'வுக்குப் பக்கத்துல 'ஜி' இல்லே. அப்புறம், 'எம்', 'எல்', 'ஆர்', 'ஒய்' ஒண்ணுலகூட தப்பு இல்லே. யாமிசே அப்படியே இருக்கு." சார் நிமிர்ந்தார். "இந்த ஆபீஸ்ல தமிழ்க்காரங்க எத்தனை பேர்?"

"மூணு பேர். நான், பிரசன்னா, ஹர்ஷிதா" என்றார் சீதாராமன். "ஆனா நான் செகந்திராபாத்துலயே படிச்சவன் சார். ஸ்கூல்ல தெலுங்கு, ஹிந்தி. தமிழ் எழுதப் படிக்க வராது. ஹர்ஷிதாவும் அதே கதை."

"நீங்க?"

"நான் வளர்ந்தது ஜாம்ஷெட்பூர். பேசுவேன். ஒரு எழுத்து தெரியாது" என்றார் பிரசன்னா, மஃப்ளரைச் சரிசெய்துகொண்டே.

"ஹவ், ஹவ்" என்று தலையாட்டிவிட்டு சார் எழுந்தார். "அந்தப் பொண்ணைப் பாத்துட்டு வந்து கையெழுத்துப் போடறேன்."

ஹர்ஷிதா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அடையாள அட்டையை ஏற்கெனவே வாங்கிவிட்டதால் கதவு அவளுக்குத் திறக்காது. யாராவது வெளியே வந்தால்தான் அவள் உள்ளே போய்த் தண்ணீர் குடிக்க முடியும். இருபத்துமூன்று வயசுப் பெண். அழுது முடித்த முகம்.

"நான் பண்லே அங்கிள். ஒட்டு, நான் பண்லே" என்றாள். ஒட்டு என்றால் தெலுங்கில் சத்தியம். "டெர்மினேட் பண்ணிட்டா ரிலீவிங் லெட்டர் குடுக்க மாட்டாங்க. அது இல்லாம இன்னொரு கம்பெனியில செக்யூரிட்டி கேட்கூட தாண்ட முடியாது. எல்லா இடத்துலயும் ஆளைக் குறைக்கறாங்க. நானா நின்னாகூட யாரும் எடுக்க மாட்டாங்க, இதுல திருடின்னு பேரோட எப்படி?"

2009-ஆம் வருஷம் அது. அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூட மிகை இல்லை. என் கூட வேலை பார்த்தவர்களில் ஆறு பேர் அந்த மாசம் வீட்டில் சும்மா இருந்தார்கள். 

சார் பாக்கெட்டிலிருந்து ஒரு சீட்டை எடுத்து ஏதோ கிறுக்கி அவள் கையில் கொடுத்தார். "இதுல இருக்கற மாதிரி உடனே செய்ம்மா."

நான் எட்டிப் படித்தேன். 'உன் தோள் மேல் பல்லி' என்று தமிழில் எழுதியிருந்தது. என் கை தானாக என் தோளைத் தட்டியது. யா அல்லாஹ், எனக்கும் பல்லிக்கும் ஆகாது. ஹர்ஷிதாவோ சீட்டை நேராகப் பார்த்தாள், தலைகீழாகப் பார்த்தாள்.

"இது தமிழா அங்கிள்? டப்பா டப்பாவா இருக்கு. நாக்கு ராது" என்றாள். தனக்கு வராது என்பதைத் தெலுங்கில் சொன்னாள். "அம்மா சமையல் சொன்னா நான் தெலுங்கு எழுத்துலதான் எழுதிக்குவேன்."

"சபாஷ்" என்றார் சார்.

"நீ இங்கே என்ன வேலை பாக்கறே ஹர்ஷிதா?" என்று கேட்டேன்.

"மூலம் எழுதறது அக்கா. அகராதியில ஒவ்வொரு சொல்லுக்கும் அது எந்த வேர்ல இருந்து வந்ததுன்னு ஒரு கட்டம் இருக்கு. கிளையன்ட் கேட்டாங்க. ஆயிரத்து இருநூறும் காலியா இருக்கு. பிரசன்னா சாருக்கு நாப்பது மெயில் போட்டேன். 'தொன்மையான ஒலி'ன்னு ஒரே பதில். போன மாசம் மீட்டிங்ல கேட்டேன், நிலா சைதோ, வாசல் டைவ, கர்வம் ரிபூ, இதெல்லாம் ஏன் சார் எங்கேயோ கேட்ட மாதிரியே இருக்குன்னு. அவரு முகமே மாறிடுச்சு. அடுத்த வாரம்தான் அச்சடிச்ச பிரதி கொடுத்தாங்க."

லிஃப்டில் இறங்கும்போது சாரைப் பிடித்துக்கொண்டேன். "என்ன சார் கண்டுபிடிச்சீங்க? எனக்கும் சொன்னா நானும் மூஞ்சியை அறிவாளி மாதிரி வச்சுக்குவேன்."

"அந்த 'ஜி'யையும் 'கே'யையும் தமிழ்ல எழுதிக் காட்டு பாப்போம்."

சுட்டுவிரலால் லிஃப்ட் கண்ணாடியில் எழுதினேன். ரைகீ. இன்னொரு தடவை எழுதினேன். ரைகீ. இரண்டும் ஒன்றுதான். வாசகர்களே, உங்களுக்கும் என்னால் இந்த இரண்டையும் தமிழில் வேறுபடுத்திக் காட்ட முடியாது. இந்தக் கேஸே அதுதான்.

"நமக்குக் கானாவுக்கு ஒரே எழுத்து, பானாவுக்கு ஒரே எழுத்து" என்றார் சார். "தெலுங்குலயும் ஹிந்தியிலயும் தனித்தனியா இருக்கு. இணையத்துல போட்டவன் அகராதியைப் பாத்துப் போடலே. தமிழ்ல எழுதின ஒரு நோட்டைப் பாத்து ஆங்கிலத்துல அடிச்சிருக்கான். எது 'கே', எது 'ஜி'ன்னு அகராதியில என்ன போட்டோம்னு அவனுக்கே ஞாபகம் இல்லே. அந்தக் குளமிகூட இவ பிரதியில 'ஜி', அங்கே 'கே'. இந்தப் பொண்ணு எழுதியிருந்தா ஒரு தப்பும் வந்திருக்காது."

"அப்போ பிரசன்னா! பொய்ச் சொல் தெரிஞ்சது ரெண்டே பேருக்குத்தானே, வாங்கினவளுக்கும் கொடுத்தவருக்கும்."

"அவருக்குத் தமிழ் எழுத்தே தெரியாதாமே."

"சீதாராமனுக்கும் தெரியாது, ஹர்ஷிதாவுக்கும் தெரியாது. மூணு தமிழர்கள், மொத்தமா ஒரு அகரம் கிடையாது. நல்லா இருக்கு சார் நம்ம ஜாதகம். பாத்த ஒரே தமிழ் எழுத்து நீங்க எழுதின பல்லிதான்."

சார் ஸ்கூட்டரை உதைத்தார். "இந்தக் கச்சிபௌலியில தமிழ் எழுத்து எங்கே இருக்கு சொல்லு? அங்கே போவோம். தெரிஞ்சவன் அங்கே வந்துதான் தீருவான்."

கச்சிபௌலி முழுக்கத் தமிழில் எழுதின பலகை ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தெரியும். அதையும் பசியில்தான் கண்டுபிடித்திருந்தேன். உலகநாதன் மெஸ். கம்பெனி பஸ்களும் கால் டாக்சிகளும் முட்டிக்கொள்ளும் சாலையைத் தாண்டி, பின்பக்கச் சந்தில் மொத்தம் எட்டு மேஜை. ஃபெர்ன்கேட்டிலிருந்து நடந்தே வரலாம். நாங்கள் ஸ்கூட்டரில் போனதால் இருபது நிமிஷம் ஆயிற்று.

உலகநாதன் மேலூர்க்காரர். பிள்ளைகள் ஊரை நினைத்துக்கொண்டு வரட்டும் என்று வாசல் கண்ணாடி முழுக்க டிபன் வகைகளைத் தமிழில் மஞ்சள் பெயின்ட்டால் எழுதி வைத்திருந்தார். உள்ளே போய் மூலை மேஜையில் உட்கார்ந்தோம். மூன்றரை மணிக்கு மீதி இருந்தது சேமியா உப்புமாவும் வடையும்தான்.

"இங்கே யாராவது வட்டக் கண்ணாடி, மஃப்ளர்?" என்று சார் ஆரம்பித்தார்.

"அய்யய்யோ, அவரா!" உலகநாதன் குரலைத் தாழ்த்தினார். "அவரு சுகாதார ஆபீஸர்தானேண்ணே? போன வருசத்துல இருந்து வாராரு. இதே மேசைதான். நோட்டை விரிச்சு வச்சுக்கிட்டு வாசக் கண்ணாடியையே மொறச்சுப் பாப்பாரு, என்னமோ எழுதுவாரு. மறுபடி பாப்பாரு, தனக்குத்தானே சிரிப்பாரு. எனக்கு ஈரக்குலையே நடுங்கிப் போகும். தெனமும் ரெண்டு வடை கூட வச்சுத்தான் அனுப்புறேன்."

"என்ன எழுதுவார்?"

"யாருக்குத் தெரியும்? கிட்டப் போனா மூடிக்குவாருண்ணே."

எனக்கு அதைக் கேட்கப் பொறுமை இல்லை. பசி. உப்புமாவை வாயில் போட்டுக்கொண்டே, அவர் முறைத்துப் பார்த்த கண்ணாடியை நானும் முறைத்துப் பார்த்தேன். வெளியே போகிறவர்கள் படிப்பதற்காக எழுதினது அல்லவா, உள்ளே இருந்து பார்த்தால் எல்லாம் புரண்டு கிடந்தது. எழுத்துகள் வலமிடமாகத் திரும்பி, கடைசி எழுத்து முதலில் நின்றது. சும்மா எழுத்துக் கூட்டினேன்.

யா… மி… சே.

உப்புமா மூக்கில் ஏறியது.

"சார்! சார்! யாமிசே!"

"கூந்தல்" என்றார் சார் பழக்கதோஷத்தில்.

"கூந்தல் இல்ல சார், சேமியா! சேமியா, யாமிசே! அதுக்கு மேலே பாருங்க, சை தோ!"

சார் கண்ணாடியைப் பார்த்தார். அப்புறம் என் தட்டைப் பார்த்தார். நீள நீளமாக, நெளிநெளியாக, எல்ஃப் ராணியின் கூந்தல் கடுகு தாளித்துக் கிடந்தது.

"தோசை" என்றார் மெதுவாக. "நிலா."

"வட்டமா, வெள்ளையா! கீரை, ரைகீ, அது காடு. பச்சையா இருக்குல்ல! வடை, டைவ, அது வாசல். நடுவுல ஓட்டை சார், ஓட்டை! பூரி, ரிபூ, கர்வம். உப்பிப் போகுதே!"

"கேசரி?"

"ரிசகே! விடியல்! வானம் கேசரிக் கலர்ல இருக்கும்ல!" எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "அந்தக் குளமிகூட மிளகு சார். கடுங்கோபமாம். பொய்ச் சொல்லுக்காவது வேற ஹோட்டலுக்குப் போயிருக்கக் கூடாதா? என்ன சோம்பேறி மனுஷன்!"

துரைராஜ் சார் சிரிப்பதை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். மேஜையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். உலகநாதன் பயந்துபோய் இன்னும் இரண்டு வடை கொண்டுவந்து வைத்தார்.

"ஆனா இது போதாது" என்றார் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எங்கம்மா சொன்ன பேர்களைத் திருப்பிப் போட்டேன்னு சொல்லிடுவார். எழுதத் தெரியும்னு காட்டணும். ஏங்க, அந்த ஆபீஸர் உங்ககிட்டே ஏதாவது எழுதிக் கொடுத்திருக்காரா?"

உலகநாதன் கல்லாவுக்கு அடியில் குனிந்து எண்ணெய்க் கறை படிந்த ஒரு நோட்டை எடுத்தார். வாடிக்கையாளர் கருத்துப் புத்தகம். "கம்ப்ளெயின்ட்டு எழுதிப்புட்டாருண்ணே. கேஸு கீஸு வருமோன்னு அந்தப் பக்கத்தைப் படிக்காமயே மடக்கி வச்சிருக்கேன்."

சார் அந்தப் பக்கத்தைப் படித்தார். நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "மணி என்ன?"

"நாலு இருபது."

"ஏறு ஸ்கூட்டர்ல."

நாங்கள் உள்ளே நுழையும்போது மணி ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருந்தது. சீதாராமன் வேலை நீக்கக் கடிதத்தில் தேதி போட்டுக்கொண்டிருந்தார். பிரசன்னா பக்கத்தில் இருந்தார். ஹர்ஷிதாவை அறை ஓரத்தில் நிற்க வைத்திருந்தார்கள். உட்கார்ந்த கூட்டத்தில் ஒருத்திக்கு மட்டும் நாற்காலி போடாதது எனக்குச் சுருக்கென்றது.

"தாமதத்துக்கு மன்னிக்கணும். வர்ற வழியில எல்லாருக்கும் காபி வாங்கிட்டு வந்தேன்" என்றார் சார். கேன்டீன் காபிதான். நான்தான் தட்டில் ஏந்தி வந்தேன். ஆளுக்கொரு கோப்பை வைத்தேன். பிரசன்னாவின் கோப்பைக்கு அடியில் சாசரில் ஒரு சீட்டு இருந்தது.

"பிரசன்னா சார், கடைசியா ஒரு தடவை கேக்கறேன், ரிப்போர்ட்ல எழுதணும். உங்களுக்குத் தமிழ் படிக்க வருமா?"

"ஒரு எழுத்து வராதுன்னு சொன்னேனே" என்று பிரசன்னா கோப்பையைத் தூக்கினார். உதடுவரை போனது. கண் சாசரில் விழுந்தது. கோப்பை அப்படியே இறங்கியது. லேசாக நகர்த்திக்கூட வைத்துவிட்டார்.

"ஏன் சார் குடிக்கல?" என்றேன் நான், பால் வடியும் முகத்துடன்.

"சூடா இருக்கு."

அந்தக் கோப்பையை எடுத்து நானே மடமடவென்று குடித்தேன். "ஆறிப்போச்சே சார்!"

சார் சாசரில் இருந்த சீட்டை எடுத்து உரக்கப் படித்தார். "'இந்தக் காபியில் பல்லி விழுந்து எடுத்தது.' ஹர்ஷிதாவுக்கு மத்தியானம் ஒரு பல்லி காட்டினேன். டப்பா டப்பாவா இருக்குன்னா. உங்களுக்கு மட்டும் எப்படி பல்லி தெரிஞ்சது?"

பிரசன்னாவின் காது சிவந்தது.

"சீட்டு கிடந்தது, அருவருப்பா இருந்தது, வச்சுட்டேன். இது ஒரு ஆதாரமா?"

"நக்கோ, இது ஆதாரம் இல்லே, விளையாட்டு. ஆதாரம் இது." சார் கருத்துப் புத்தகத்தை மடக்கிய பக்கத்தில் திறந்தார். "'கேசரியில் முந்திரி இல்லை. பெயருக்கு ஒன்றாவது போடக்கூடாதா? இப்படிக்கு, பிரசன்னா, மொழி வடிவமைப்பாளர்.' கையெழுத்து அழகா இருக்கு சார். பதவியை வேற போட்டிருக்கீங்க."

"கேசரின்னா?" என்றார் சீதாராமன், ஒன்றும் புரியாமல்.

"விடியல்" என்றேன் நான். "ரிசகேயைப் பின்னால இருந்து சொல்லிப் பாருங்க சார்."

சீதாராமன் சொல்லிப் பார்த்தார். உதடு மட்டும் அசைந்தது. பிறகு எல்ஃப் ராணியின் பாட்டை முழுசாகத் திருப்பினார். "தோசை… கீரை… சேமியா… கேசரி." நாற்காலியில் சாய்ந்துவிட்டார். "கிளையன்ட் அழுதாங்களேய்யா இதுக்கு!"

"நான் நிஜமாத்தான் உழைச்சேன்!" பிரசன்னா எழுந்துவிட்டார். "ஆறு மாசம். வேர்ச்சொல், ஒலி மாற்றம், எல்லாம் ஒழுங்காச் செஞ்சேன். மூணு தடவை திருப்பி அனுப்பினாங்க. உயிர் இல்லை, பழமை இல்லைன்னு. ஒருநாள் வெறுத்துப்போய் மெஸ்ல உக்காந்து கண்ணாடியைப் பாத்தேன். விளையாட்டா பத்து சொல் அனுப்பினேன். அற்புதம்னாங்க! கண்ணாடி தீர்ந்ததும் மளிகைச் சாமான் பேரையெல்லாம் திருப்பினேன். அப்புறம் நான் என்ன செய்ய? இவ ஒருத்திதான் மூலம் என்ன, மூலம் என்னன்னு விடாம கேட்டா. இன்னும் ரெண்டு மெயில் போட்டிருந்தா கண்டுபிடிச்சிருப்பா."

"அதனால வீட்டுக்குப் போய் உங்க நோட்டைப் பாத்து முந்நூறு சொல்லை இணையத்துல அடிச்சீங்க. நடுவுல அவளோட குளமியையும் சேர்த்தீங்க" என்றார் சார்.

பிரசன்னா கழுத்து மஃப்ளரைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டார்.

சீதாராமன் கடிதத்தை நாலாகக் கிழித்தார். விளையாட்டு அவருக்குச் சோறு போடுகிறது. கூட்டல் கழித்தல் எல்லாம் மனசுக்குள் ஓடியது முகத்தில் தெரிந்தது. "ஹர்ஷிதா, உக்காரும்மா. நடந்தது நடந்துபோச்சு. கிளையன்ட்டுக்கு இந்த டிபன் சமாச்சாரம் தெரிய வேண்டாம். மொழியை நீயே பாத்துக்கோ. நாளையிலிருந்து பிரசன்னாவோட இடம் உனக்கு. சரியா?"

ஹர்ஷிதா உட்காரவில்லை. "நக்கோ" என்றாள்.

சார் தலையைத் தூக்கிப் பார்த்தார். தன் வீட்டு வார்த்தையை வேறொருத்தி சொல்லிக் கேட்டால் அப்படித்தான் இருக்கும் போல.

"செவ்வாய்க்கிழமை எல்லாருக்கும் மெயில் போச்சு, என் பேரு போட்டு" என்றாள் அவள். "மூணு நாளா கேன்டீன்ல என் டேபிள்ல யாரும் உக்காரலே. தண்ணி குடிக்கறதுக்குக் கதவு திறக்க ஆளைப் பாத்து நின்னேன். அதே எல்லாருக்கும் இப்போ இன்னொரு மெயில் போகணும். 'ஹர்ஷிதா செய்யலே'ன்னு. அப்புறம்தான் இடம், வேலை, எல்லாம்."

சீதாராமன் லேப்டாப்பைத் திறந்து தட்டினார். ஐந்து மணிக்கு, கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் வரிசையாக உட்கார்ந்திருந்த நூற்றுச் சொச்சம் தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து எங்கள் அறையைத் திரும்பிப் பார்த்தன. ஹர்ஷிதா அப்போதுதான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அழுதாள். நானும் கொஞ்சம் அழுதேன், காபி சரியில்லை என்று சொல்லிச் சமாளித்தேன்.

பிரசன்னா கதவருகில் நின்றார். "ராஜினாமா எழுதித் தர்றேன். ரிலீவிங் லெட்டர்…" என்று இழுத்தார்.

சீதாராமன் வாயைத் திறப்பதற்குள் ஹர்ஷிதா சொன்னாள். "குடுத்துடுங்க சார். அது இல்லாட்டி எவ்வளவு பயமா இருக்கும்னு எனக்குத் தெரியும்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா காரணம்னு ஒரு கட்டம் இருக்கும்ல, அதை மட்டும் காலியா விடாதீங்க."

இரண்டு வாரம் கழித்து எங்கள் ஆபீசுக்கு ஒரு தடித்த உறை வந்தது. லூமாரி அகராதி, புதுப் பதிப்பு, மூலம் என்ற கட்டம் முழுக்க நிரம்பியிருந்தது. சைதோ, நிலா, மூலம்: ஆதி எல்ஃப்கள் தினமும் காலையில் ஆவலோடு காத்திருந்த வட்டமான பொருள். யாமிசே, கூந்தல், மூலம்: நீளமாகவும் நெளிவாகவும் இருந்து, ஆறினால் ஒட்டிக்கொள்வது. ஒரு பொய்கூட இல்லை. நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"கடைசிப் பக்கத்தைப் பாரு" என்றார் சார்.

ஒரே ஒரு சொல் கையால் எழுதிச் சேர்த்திருந்தது. அதுவும் தமிழில், எழுத்துக் கூட்டிக் கூட்டி, ஒவ்வொரு எழுத்தையும் டப்பா டப்பாவாக.

நக்கோ. பொருள்: மாட்டேன். மூலம்: எங்க வீடு.